பறவைகளுக்கான உலர் காய்கறிக் கலவை வாங்குவோர் கவனத்திற்கு

வளர்ப்புப் பறவைகளுக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி இணையவழி விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய உலர் காய்கறிக் கலவையில் வெங்காயமும் பூண்டும் உப்பும் கலந்திருந்தன. இவை சேர்ந்திருக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டிருந்தேன். இல்லை என்றே பதில் வந்தது. பொட்டலத்தின் முகப்பில் ‘எல்லாப் பறவைகளுக்கும் ஏற்றது’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். சேர்மானங்களைக் குறிப்பிட வேண்டிய இடத்திலோ ‘கேரட், பட்டாணி, கீரை மற்றும் பல’ என்ற ஒரு வரிதான் இருந்தது.

அதைத் தின்றுவந்த என் காக்கடீல் (கொண்டையுள்ள சிறு கிளி) இரை எடுப்பதைக் குறைத்து, இறகுகளைச் சிலிர்த்தபடி கூண்டின் தரையிலேயே உட்காரத் தொடங்கியது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சையாக மாறியிருந்தது. பறவை மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து, சிவப்பணுக்கள் சிதைந்து சோகை ஏற்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். உணவுப் பொட்டலத்தையும் கொண்டுவரச் சொன்னார். கலவையில் ஒரு கரண்டியை வெந்நீரில் ஊறவைத்ததும் மெல்லிய ஏடுகள் விரிந்து வெங்காய வாடை எழுந்தது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன என்றும், வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்த நச்சுத்தன்மை நீங்காது என்றும், உலர்ந்ததில் நீர் இல்லாததால் எடைக்கு எடை அது கூடுதலாகவே இருக்கும் என்றும் அவர் விளக்கினார். வெதுவெதுப்பான கூண்டிலும் திரவச் சிகிச்சையிலும் இருந்து பறவை மெல்லத் தேறியது.

விற்பனையாளரைத் தொடர்பு கொண்டபோது முதலில் மறுத்தார். மருத்துவரின் அறிக்கையை அனுப்பிய பிறகு, அது மனிதர்களின் சூப்புக்காக உலர்த்திய காய்கறிதான் என்றும், மொத்தமாக வாங்கிப் பொட்டலமிட்டு விற்பதாகவும் ஒப்புக்கொண்டார். பொட்டலம் பிரிக்கப்பட்டுவிட்டது என்று காரணம் காட்டிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததோடு, நான் எழுதியிருந்த மதிப்புரையையும் நீக்கிவிட்டார். மனிதர்கள் சாப்பிடுவதைப் பறவை சாப்பிடக் கூடாதா என்ற அவருடைய கேள்விதான் எனக்குப் பெரிதும் கவலையளிக்கிறது, ஏனெனில் பலரும் அதையே நம்புகிறார்கள். நமக்குச் சத்தான அவகாடோவில் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவைகளின் இதயத் தசையைப் பாதித்து, ஓரிரு நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். சரியாக வேகாத ராஜ்மா, பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலையும் தண்டும் ஆகியவையும் ஆகாதவையே. மாறாக, நம் நாக்கைச் சுடும் மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. இரண்டு உடல்களும் ஒன்றல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

தானியத்தை மட்டும் தின்னும் பறவைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு வருவது உண்மைதான். இத்தகைய விற்பனையாளர்கள் அந்த அச்சத்தைத்தான் காசாக்குகிறார்கள். கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், புரோக்கோலி ஆகியவற்றைப் புதிதாக வாங்கி, நன்றாகக் கழுவி, உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் பொடியாக நறுக்கி வைத்தாலே அந்தக் குறை தீரும். பசலைக்கீரையின் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதை அளவோடு கொடுக்கலாம். மிஞ்சியதைச் சில மணி நேரத்திற்குள் எடுத்துவிட வேண்டும். பீட்ரூட் தின்ற பின் எச்சம் சிவந்தால் பதற வேண்டியதில்லை.

உலர் கலவைதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு சேர்மானத்தின் பெயரும் அச்சிடப்படாத பொட்டலத்தை ஏற்காதீர்கள். விற்பவரின் எழுத்துப்பூர்வமான பதில்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய கலவையை ஏற்கெனவே தின்ற பறவை சோர்ந்திருந்தாலோ, எச்சத்தின் வெண்பகுதி பச்சையானாலோ கைவைத்தியம் எதுவும் செய்யாமல், அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அன்றே பறவை மருத்துவரிடம் செல்லுங்கள்.