மலையேறி வரும் மீன்: கூடலூரா, உக்கடமா, ஊர் மார்க்கெட்டா?

மீன் கடையில் நாம் முதலில் கேட்பது கிலோ என்ன விலை என்றுதான். நீலகிரியில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது எந்த வழியாக ஏறி வந்தது? மேட்டுப்பாளையம் வழியாக வருவது கோவை உக்கடம் மார்க்கெட் சரக்கு. ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரை மீன் அங்கே வந்து இறங்கும், கூடவே கேரளத்து மீனும் வரும். கேரள எல்லையிலுள்ள நாடுகாணி வழியாகக் கூடலூருக்கு ஏறுவது மலபார், அதாவது வட கேரளக் கடற்கரைப் பக்கத்து மீன். இரண்டு கடல், இரண்டு சீசன். இதைக் கவனிக்காமல் "இந்தக் கடை நல்ல கடை, அந்தக் கடை மோசம்" என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பேப்பூர், பொன்னானி மாதிரி மலபார் துறைமுகங்களில் விடியற்காலை ஏலம் போன மீன், நிலம்பூர், வழிக்கடவு தாண்டி அன்றைக்கே கூடலூர் வந்துவிடும் தூரம்தான். நடுவில் பெரிய மார்க்கெட் எதிலும் இறங்கி ஏற வேண்டியதில்லை. மத்தி, அயிலை, நெத்திலி மாதிரி சீக்கிரம் கெடுகிற சின்ன மீனுக்கு இது பெரிய விஷயம். மத்திக்கு வயிறு சட்டென்று உடையும். வயிறு முழுசாக, தொட்டால் விறைப்பாக இருக்கிற மத்தியை மலைமேல் பார்க்க வேண்டுமென்றால் அது பெரும்பாலும் கூடலூரில்தான். கடைக்காரர் அயக்கூறா என்றால் நம் வஞ்சிரம், ஆவோலி என்றால் வாவல், செம்மீன் என்றால் இறால். வகை குறைவு என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அன்றைக்குக் கிடைத்ததை மட்டும் விற்கிற கடையில் பழைய சரக்கு தேங்க இடம் குறைவு.

ஆனால் ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர். மீனுக்காக மட்டும் அவ்வளவு வளைவு இறங்கி ஏறுவது கட்டுப்படியாகாது. வேறு வேலையாகப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு போகலாம்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு உக்கடம்தான் வசதி. வகையும் அங்கேதான் அதிகம்: சங்கரா, ஊளி, பாறை, விளை, கணவாய், நண்டு, எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். பெரிய மீனை எடை போட்டுத் துண்டு போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். விலையும் மலையைவிட இறக்கமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள்.

உக்கடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த ஊர் சரக்கு?" தூத்துக்குடி விசைப்படகுகள் காலையில் போய் அன்றிரவே கரை திரும்புகிறவை. ராமேஸ்வரம் விசைப்படகுகள் தினமும் போவதில்லை, நாட்டுப்படகுக்காரர்களோடு நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போகிறவை. தங்குகடல் படகுகளோ பல நாள் கடலிலேயே கிடந்து, பிடித்ததை ஐஸில் போட்டு வைத்துக் கொண்டு வருபவை. "நேற்று இறங்கிய மீன்" என்ற வார்த்தைக்கு இந்த மூன்றிலும் மூன்று அர்த்தம். கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனாலும் விவரம் தெரிந்து கேட்கிறவரிடம் பழையதைத் தள்ளிவிடத் தயங்குவார்.

வாங்கிய பிறகுதான் உண்மையான சோதனை. சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் வரைக்கும் வண்டிக்குள் அனல். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. உருகுகிற தண்ணீர் வடிய வழி இருக்கட்டும், அந்தத் தண்ணீரிலேயே மீன் ஊறிக்கொண்டு வந்தால் சதை சொதசொதவென்று ஆகிவிடும்.

அடுத்தது ஊட்டி, குன்னூர் மார்க்கெட். கைக்கெட்டும் தூரம், பழகிய முகம். வாரா வாரம் ஒரே கடையில் வாங்கினால் "இன்னைக்கு வேண்டாம்ணா, நாளைக்கு லோடு வருது" என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: குளிர் ஊர்தானே, ஐஸ் எதற்கு? மீனுக்கு இது குளிரே இல்லை. ஐஸில், 0 டிகிரியில் கெடுகிற வேகத்தைவிட 10 டிகிரியில் மீன் சுமார் 4 மடங்கு வேகமாகக் கெடும். 5 டிகிரியில்கூட இரண்டு மடங்குக்கு மேல். நமக்கு ஸ்வெட்டர் போடத் தோன்றுகிற காலை நேரத்திலும் ஐஸ் இல்லாமல் பலகையில் பரப்பி வைத்த மீன் மளமளவென்று பழசாகிக்கொண்டுதான் இருக்கும். ஐஸ் போடாத கடையில், மீன் பளபளவென்று இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

அயிலை, மத்தி, சூரை மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். இவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிடும்போது நாக்கில் சுருக்கென்று எரிச்சல் தட்டினால், சிறிது நேரத்தில் முகம் சிவந்தால், குழம்பைக் கொட்டிவிடுங்கள், மூச்சு இழுத்தால் டாக்டரிடம் ஓடுங்கள். கடையில் பார்க்க வேண்டியவை எல்லாரும் அறிந்தவைதான்: செவுள் சிவப்பு, கண் குழி விழாமல் இருப்பது, விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மேலெழுவது. ஈ மொய்க்காவிட்டால் மருந்து போட்ட மீன் என்று ஒரு பேச்சு உண்டு. ஊட்டிக் குளிரில் நல்ல மீனிலும் ஈ அதிகம் உட்காராது, அதனால் இங்கே அந்தச் சோதனை உதவாது. பயம் மட்டும் வீண் பயமில்லை. 2018-ல் கேரளத்தில் 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனைகளில், பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கச் சோதனைத் தாளே உருவாக்கியிருக்கிறது.

பாக்கெட்டில் வரும் உறைய வைத்த மீனை இளக்காரமாகப் பேசுவார்கள். இறால், கணவாய்க்கு அது மோசமில்லை. பாக்கெட்டுக்குள் ஐஸ் கட்டி திரண்டிருந்தால் மட்டும் விடுங்கள், வழியில் உருகி மறுபடி உறைந்தது அது.

இனி மாதக் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள். ஆகவே கோடை சீசனில், ஊட்டியே டூரிஸ்ட்டால் நிரம்பி வழியும்போது, நாடுகாணி வழி மீனைத் தேடுங்கள். ஜூன் பாதிக்கு மேல் மேட்டுப்பாளையம் வழி மீன். இரண்டும் மூடிக் கிடக்கும் ஜூன் இடைவெளியில் நம் பக்கத்து நாட்டுப்படகுகளும் கேரளத்து வள்ளங்களும் கொண்டுவருவதுதான் புது மீன், அதுவும் கொஞ்சம்தான். அப்போது "ஃப்ரெஷ் வஞ்சிரம்" என்று பெரிய பெரிய துண்டாக அடுக்கி வைத்திருந்தால், ஃப்ரீசரிலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அந்த நாட்களில் எனக்கு அணை மீன் போதும். பவானிசாகர் பக்கத்து ரோகு, கட்லா, ஜிலேபி மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும். மலைக்கு மேலே 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணாடிக் கெண்டை இருக்கிறது. முள்ளும் சேற்று வாசமும் பிடிக்காதவர்கள் புளியைக் கூட்டி வைக்கட்டும். அவலாஞ்சியின் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பற்றிப் பெருமையாகப் பேசலாம், வாரச் சமையலுக்கு நம்பி இருக்க முடியாது. கருவாடு எப்போதும் உண்டு. நெத்திலிக் கருவாடு வாங்கும்போது உடைத்துப் பாருங்கள், வளைந்தால் ஈரம் இருக்கிறது. மலை ஈரத்தில் அது பூஞ்சை பிடித்துவிடும்.

எந்த வழி மீனாக இருந்தாலும் வீட்டிலிருந்தே மூடி போட்ட தூக்கு கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பைக்கு மாவட்டத்தில் தடை. உக்கடத்தில் பையில் கட்டிக் கொடுத்ததை அப்படியே மலைக்கு எடுத்து வந்தால், வழிச் சோதனையில் மீனோடு அபராதச் சீட்டும் கையில் வரும்.