கவுச் டு 5கே: முட்டிக் காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

ஜவ்வுக் கிழிசலோ முட்டிச் சில்லு வலியோ வந்து மாதக்கணக்கில் ஓடாமல் இருந்தவர்கள், பிசியோ “இனி மெல்ல ஓடலாம்” என்று சொன்னதும் பெரும்பாலும் தேடிப் போவது, ஓட்டம் பழகாதவரைப் படிப்படியாக 5 கி.மீ. ஓட்டத்துக்குத் தயார்படுத்தும் கவுச் டு 5கே திட்டத்தைத்தான். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்குச் சுமார் அரை மணி நேரம். இதைக் காசில்லாமல் தரும் செயலிகள் பல இருக்கின்றன. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் செயலியும் அவற்றில் ஒன்று. அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996இல் ஓட்டமே பழகாத தன் அம்மாவை மனத்தில் வைத்து எழுதிய திட்டம் இது.

முதல் மூன்று வாரம் காயப்பட்ட முட்டிக்கென்றே எழுதியது போல அமைந்திருக்கிறது. நான்கு முதல் ஆறு வரையிலான வாரங்களை அப்படியே பின்பற்றக் கூடாது. காரணம் எளிது. இந்தத் திட்டம் மூச்சு வாங்கும் புதியவருக்காக எழுதப்பட்டது. காயத்திலிருந்து திரும்புகிறவர் இடைப்பட்ட மாதங்களில் சைக்கிள் மிதித்திருப்பார், நீந்தியிருப்பார். மூச்சு அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தொடைத் தசை மெலிந்து, மூட்டின் தாங்குதிறன் குறைந்திருக்கிறது. அது மெதுவாகத்தான் ஏறும்.

தொடங்கும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான செயலிகள் இவற்றுக்குப் போதிய இடம் கொடுப்பதில்லை. 30 நிமிடம் வேகமாக நடந்த மறுநாள் வலியோ வீக்கமோ இருக்கக் கூடாது. காலை நீட்டினால் காயப்பட்ட முட்டி மற்றதைப் போலவே முழுதாக நீள வேண்டும். மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க வேண்டும். காயப்பட்ட காலில் பத்து முறை நொண்டியடித்தால் வலிக்கக் கூடாது. முட்டியின் நடுவே உள்ள முன் குறுக்குத் தசைநாருக்கு (ஏசிஎல்) அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு மூன்று மாதத்துக்கு முன் ஓட அனுமதி கிடைப்பது அரிது. முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸைத் தைத்தவர்கள், கிழிந்த துண்டை வெட்டி எடுத்தவர்களைவிட அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். முட்டி மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போது தாங்காமல் திடீரென்று மடிந்துபோனாலோ மருத்துவரிடம் போங்கள், செயலி அப்புறம்.

வீக்கத்தை வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தொடையைத் தளர விடுங்கள். முட்டிச் சில்லின் உள்பக்கம் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியிலிருந்து உள்ளங்கையால் மேல்நோக்கித் தொடை வரை இரண்டு மூன்று முறை தடவி விடுங்கள். பிறகு தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து முட்டியை நோக்கிக் கீழே ஒரு முறை தடவுங்கள். உள்பக்கக் குழி மெல்லப் புடைத்து எழுந்தால் மூட்டுக்குள் நீர் இருக்கிறது என்று பொருள். மற்ற முட்டியிலும் செய்து ஒப்பிட வேண்டும். ஓடிய நாளுக்கு மறுநாள் காலையில், படுக்கையை விட்டு இறங்கும் முன் இதைச் செய்வது நல்லது. வலியைவிட வீக்கம் நம்பகமான அடையாளம். வலியில்லாமலும் முட்டி வீங்கும்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, எட்டு முறை. மொத்த ஓட்டம் 8 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை, ஆறு முறை. ஆக 9 நிமிடம். மூன்றாம் வாரம் 90 விநாடியும் 3 நிமிடமுமாக மாறி மாறி இரண்டு சுற்று. அதுவும் 9 நிமிடம்தான். ஓட்டத்தின் மொத்த அளவு பெரிதாக ஏறாமல், ஒரே மூச்சில் ஓடும் நேரம் மட்டும் கூடுகிறது. மூட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அட்டவணையும் பொருத்தமானது. தசைநாணும் மூட்டும் தங்கள் முறையீட்டைப் பெரும்பாலும் மறுநாள்தான் சொல்லும். 48 மணி நேர இடைவெளி அதைக் கேட்க அவகாசம் தருகிறது. எல்லாம் நிமிடக் கணக்கில் இருப்பது இன்னொரு நல்ல விஷயம். பழைய வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சபலம் குறைகிறது.

நான்காம் வாரத்தில் சிக்கல் தொடங்குகிறது. 3, 5, 3, 5 நிமிடங்கள் என மொத்தம் 16 நிமிட ஓட்டம். முந்தைய வாரத்து 9இலிருந்து ஒரேயடியாக 16. நிமிடத்துக்கு 160 காலடி என்று வைத்தால், ஒவ்வொரு காலும் தரையில் இறங்குவது 720 முறையிலிருந்து 1,280 முறையாகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் முட்டிச் சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போலப் பல மடங்கு. மூச்சு இருப்பவருக்கு இந்த ஏற்றம் தெரியவே தெரியாது, சுலபமாக முடித்துவிடுவார். வெள்ளிக்கிழமை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

ஐந்தாம் வாரம் இன்னொரு வகைச் சிக்கல். முதல் நாள் 5 நிமிடம் மூன்று முறை, இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு முறை, மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடம். புதியவருக்குப் பெரிய தன்னம்பிக்கை தரும் நாள் அது. மெலிந்த தொடையோடு ஓடுகிறவருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தசை களைத்து, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, முட்டி உள்நோக்கித் திரும்பத் தொடங்கும். நடை இடைவேளை இருந்தால் தசைக்கு ஆசுவாசம் கிடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் மீதி நிமிடங்கள் முழுவதையும் இப்படிக் கெட்டுப்போன ஓட்டமுறையிலேயே ஓட வேண்டியிருக்கும்.

எனவே இப்படி மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவே ஒரு வாரம்: 3 நிமிட ஓட்டம், 90 விநாடி நடை, நான்கு முறை, மொத்தம் 12 நிமிடம். இந்த இடைவாரம் ஏற்றத்தைப் படிப்படியாக்குவதால், அடுத்து நான்காம் வாரத்தை உள்ளபடியே செய்யலாம். ஐந்தாம் வாரத்தை உடைத்து, 5 நிமிடம் மூன்று முறை என்பதையே மூன்று நாளும், அடுத்த வாரம் 8 நிமிடம் இரண்டு முறை என்பதை மூன்று நாளும் ஓடுங்கள். அதற்கடுத்து 10 நிமிடம் இரண்டு முறை, நடுவே 3 நிமிட நடை. இது ஆறாம் வாரத்தின் இரண்டாம் நாளில் ஏற்கெனவே இருப்பதுதான். அதன் பின் ஒரு வாரம் இடைவிடாத 20 நிமிடம், பிறகு வாரம் ஒன்றாக 25, 28, 30. எல்லாம் சரியாகப் போனால் 12 வாரம். பெரும்பாலான செயலிகளில் விரும்பிய நாளைத் திரும்ப ஓட்டலாம். கூடுதலாகச் சேர்த்த 12 நிமிட வாரத்துக்கு மட்டும் ஓட்டமும் நடையும் மாற வேண்டிய நேரத்தில் ஒலி எழுப்பும் சாதாரண இன்டர்வல் டைமர் போதும்.

அடுத்த நாளுக்குப் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டியது முட்டி, நாட்காட்டியைப் பார்த்து நகரக் கூடாது. ஓடும்போது வலி பத்துக்கு இரண்டுக்குள் இருந்து, மறுநாள் காலை அதுவும் போய்விட்டால் மேலே போகலாம். மூன்று நான்கு என்று வந்தாலோ காலையில் விறைப்பு மிச்சமிருந்தாலோ அதே நாளைத் திரும்ப ஓட வேண்டும். நொண்ட வைக்கும் வலி, குத்தும் வலி, புதிய வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வீடு திரும்புங்கள். அடங்கிய பிறகு ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்கலாம். செயலியின் குரல் “இன்னும் கொஞ்சம்தான், விடாதீர்கள்” என்று உற்சாகப்படுத்தும். சோம்பலுக்கு அது மருந்து. முட்டி வலிக்கும்போது அந்தக் குரலை அணைத்துவிட்டு மணியோசையை மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

அதிகம் நடக்கும் தவறு வேகம். ஒரு நிமிடம்தானே என்று பழைய ஓட்டக்காரர்கள் பாய்ந்துவிடுகிறார்கள். முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கான காலடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியின் சுமை குறையும். 160 என்றால் 168 ஆக்குங்கள், சீரான தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்று உதவும். கெண்டைக்காலுக்குக் கூடுதல் வேலை வரக்கூடும் என்பதால், முதலில் ஒன்றிரண்டு சுற்றில் மட்டும் பழகுங்கள்.

தரையைப் பற்றித் திட்டத்தின் அட்டவணை எதுவும் சொல்வதில்லை. சாலையின் ஓரம் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் ஒரு முட்டி எப்போதும் பள்ளத்தில் இறங்கும், இடுப்பிலிருந்து முட்டியின் வெளிப்பக்கம் வரும் பட்டையில் வலி உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. மெரினாவின் தளர்ந்த மணல் மெத்தென்று இருந்தாலும் கால் ஒவ்வோர் அடியிலும் புதைந்து திரும்புவதால் தொடக்கத்துக்கு உகந்ததல்ல. கல்லூரி மைதானத்தின் சமமான மண் தடமே நல்லது. நாள் விட்டு நாள் சுற்றும் திசையை மாற்றுங்கள்.

தசை வலுப் பயிற்சி இல்லாததுதான் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. வாரம் இரண்டு முறையாவது செய்தாக வேண்டும். 15 முதல் 20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று விநாடியில் இறங்கி ஏறுவது, 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. முட்டி கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துச் செய்யுங்கள். அதோடு ஒற்றைக் கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, மடக்கிய ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது), பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது. இவற்றை ஓடிய நாள் மாலையில் வைத்தால் மறுநாள் முழு ஓய்வாகக் கிடைக்கும். தொடக்கத்தில் 5 நிமிட நடை என்பதும் விறைத்த முட்டிக்குப் போதாது. 10 நிமிடமாக்கி, பத்து அரை உட்காரலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பந்தயம். பெயரில் 5கே இருந்தாலும் திட்டம் முடிவது 30 நிமிடத்தில். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஓடுகிறவர் அதில் கடந்திருப்பது 3.75 கி.மீ. மட்டுமே. 5 கி.மீ. தொட மேலும் மூன்று நான்கு வாரம் ஆகும், முதல் பந்தயத்தில் நடுவே ஓரிரு நிமிடம் நடப்பதில் தவறே இல்லை. மேம்பாலம் உள்ள பாதை என்றால், ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிச் சில்லைப் படுத்தும், அங்கே அடியைக் குறுக்குங்கள். 10 கி.மீ. போக நினைப்பவர்கள் 30 நிமிடத்தை வலியில்லாமல் முடித்த நாளிலிருந்து குறைந்தது எட்டு வாரமாவது விட்டுப் பதிவு செய்யலாம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானின் 10 கி.மீ. பிரிவுதான் இலக்கு என்றால், 12 வாரத்தையும் இந்த எட்டையும் கூட்டி ஆகஸ்ட் நடுவிலேயே முதல் 60 விநாடியைத் தொடங்கியிருக்க வேண்டும்.