நாட்டுத் தக்காளியா, ஆப்பிள் தக்காளியா, சீமை ரகமா?

போன வருசம் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்றையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டுப் பார்த்தேன். யாருக்கு எது சரி என்பதில் எனக்கு இப்போது குழப்பமில்லை.

முதலில் ஒன்று. நாம் 'நாட்டு' என்று வாங்கும் பி.கே.எம். 1 பாட்டன் காலத்து விதை இல்லைங்க. அண்ணாஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் மரபணுவில் திடீர்மாற்றம் உண்டாக்கிப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் எடுத்தது, 1978இல் வெளிவந்தது. ஆனால் விதை எடுத்து மறுபடி நட்டால் அதே செடி வரும், எனக்கு அது போதும். ஆப்பிள் தக்காளி போன்ற ஹைபிரிட் (கலப்பின) பழத்தில் விதை எடுத்து நட்டால் ஒன்று நீளம், ஒன்று உருண்டை என்று சிதறிப்போகும், வருசா வருசம் பாக்கெட் வாங்கியே ஆகவேண்டும்.

ருசிக்கு வருவோம். பி.கே.எம். பழத்தில் காம்பைச் சுற்றிப் பச்சை நின்றுவிடும், பார்க்க அரைகுறையாகப் பழுத்த மாதிரி இருக்கும். சந்தையில் சீராகச் சிவந்த பழத்துக்குத்தான் மவுசு என்பதால் அந்தப் பச்சையே வராத ரகங்களாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள், அதில் காயிலேயே சர்க்கரை சேர உதவும் பச்சையமும் குறைந்துபோனதை 2012இல் மரபணு ஆய்வில் கண்டுபிடித்தார்கள். ரசத்துக்கும் அரிசிம்பருப்புக்கும் எங்கள் ஆத்தா நாட்டுப் பழம்தான் கேட்பார், புளிப்பு அதில்தானாம்.

அதற்காக ஆப்பிள் தக்காளியைத் திட்டமாட்டேன். தோல் தடிப்பு, லாரியில் ஏற்றினால் நசுங்காது, நாலு நாள் வெளியில் கிடந்தாலும் தாங்கும். அர்கா ரக்ஷக் போன்ற ஹைபிரிட்டில் இலைச்சுருட்டல் நோய்க்கும் வாடல் நோய்க்கும் எதிர்ப்பு இருக்கிறது. பெட்டிக் கணக்கில் விற்பவர் இதை விடமுடியாது.

சீமை ரகமான பிராண்டிவைன்? அமெரிக்கர்கள் தலைமுறையாக விதை காத்துவரும் ரகம், உருளைக்கிழங்குச் செடி மாதிரி இலை, பழம் ரோஸ் நிறம், ஒன்றே அரைக் கிலோ வரை வரும். பச்சையாகக் கடித்துத் தின்ன அருமை. ஆனால் இரவுச் சூடு 24 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் காய்ப்பிடிப்பே குறையும், இது ரொம்பவே சுணங்குகிறது. மாசி கடைசியில் பூ அத்தனையும் கொட்டி, மிஞ்சிய நாலு பழமும் வெடித்துப் போனது.

வர்ற ஐப்பசிக்குப் பாதி பி.கே.எம்., பாதி ஹைபிரிட். பிராண்டிவைனுக்கு ரெண்டு தொட்டி, அதுவும் சின்னவள் கேட்டதால்.