காட்டோடைப் பச்சைத் தட்டான்கள்: நுனி கருப்பா, தெளிவா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடையோரம், பளபளக்கும் பச்சை உடலோடு இறக்கைகளை முதுகின் மேல் சேர்த்து மூடி உட்கார்ந்திருக்கும் ஊசித்தட்டானுக்குப் பெயர் சொல்வதில்தான் அதிகம் குழப்பம். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வெஸ்டாலிஸ் கிராசிலிஸ், வெஸ்டாலிஸ் ஏபிகாலிஸ், நியூரோபேசிஸ் சைனென்சிஸ்.

மூன்றாவதை முதலில் பிரித்துவிடலாம். நியூரோபேசிஸ் ஆணின் பின்னிறக்கை ஒளி ஊடுருவாதது. விரித்த நொடியில் மரகதப் பச்சை மின்னும். மூடியிருக்கும்போது அது தெரியாது, விரிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். பெண்ணின் இறக்கை தேன் நிறச் சாயல் கொண்டது. நடுக்கணுவிலும் (இறக்கையின் முன்விளிம்பில் நடுவாக்கில் உள்ள கணு) நுனிக்கு அருகிலும் வெண்ணிறப் புள்ளிகள் இருக்கும். வெஸ்டாலிஸ் பேரினத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறக்கைப் பொட்டே (இறக்கை நுனிக்கு அருகே முன்விளிம்பில் இருக்கும் நிறப் புள்ளி) கிடையாது. ஆகவே வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டால் வெஸ்டாலிஸ் இல்லை.

சிக்கலெல்லாம் முதல் இரண்டுக்கும் இடையில்தான். ஏபிகாலிஸ் என்றால் நுனி சார்ந்தது; பெயரே சொல்வதுபோல அதற்கு இறக்கை நுனி கருத்திருக்கும். கிராசிலிஸுக்குக் கடைசிவரை தெளிவு. கேட்க எளிது. ஆனால் இரண்டும் ஒரே புதரில் கலந்து உட்காரும். பின்னணி இருட்டாக இருந்தால் தெளிந்த நுனியும் கருப்பாகத் தோன்றும். போதாக்குறைக்கு, புதிதாக உரித்து வெளிவந்த ஏபிகாலிஸின் நுனியில் கருமை முழுதாக ஏறியிருக்காது. உடல் மங்கலாகவும் இறக்கை ஈரப்பளபளப்போடும் இருந்தால் அது இளசு. அந்த ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதே கூட்டத்தில் முதிர்ந்ததைத் தேடுங்கள்.

படம் எடுக்கும்போது கேமராவைத் தட்டானின் கண் மட்டத்துக்கு இறக்கி, நேர் பக்கவாட்டில், நுனிக்குப் பின்னால் வெளிர் இலையோ வெளிச்சமோ வரும்படி நில்லுங்கள். உண்மைக் கருமைக்கு உள்விளிம்பு தெரியும். நிழலுக்கு அது இருக்காது. உடல் நிறத்தை நம்ப வேண்டாம்: ஒளி விழும் கோணம் மாறினால் பச்சை நீலமாகும். வால்நுனிக் கொடுக்குகளை (கொட்டுபவை அல்ல, இணையும்போது ஆண் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் உறுப்புகள்) மேலிருந்தும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மலையின் மேல்பகுதிகளில் தெளிந்த நுனி கொண்ட வெஸ்டாலிஸ் சப்மொண்டானாவும் உண்டு. கிராசிலிஸிலிருந்து அதைப் பிரிக்க இறக்கை உதவாது, ஆணின் கொடுக்குகள்தான் உதவும்.

இடமும் பாதி விடை சொல்லும். நியூரோபேசிஸ் வெயில் விழும் ஓட்டத்தில், நீர் நடுப் பாறையிலும் ஓரச் செடியிலும் இடம்பிடிக்கும். முட்டையிடப் பெண் தண்ணீருக்குள்ளேயே முழுதாக இறங்கிவிடும். வெஸ்டாலிஸ் இரண்டும் நிழலை விடாது. ஓடையை விட்டுத் தள்ளி, மரத்தடிப் புதர்களிலும் தொங்கும் குச்சிகளிலும் கூட்டமாக இருக்கும். கலைத்தால் கொஞ்ச தூரம் படபடத்துப் பறந்து மறுபடி அமரும். துரத்தாமல் நின்றால் அருகிலேயே உட்கார்ந்துவிடும். கரையோர மரங்களை வெட்டி வெயில் விழவிட்ட ஓடையில் நியூரோபேசிஸ் மட்டும் தென்பட்டால், அந்தக் கரையின் நிழலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.