ஏற்காடு லாட்ஜுக்கு எந்த சார்ஜர்: 7.4 கிலோவாட்டா, 60 கிலோவாட்டா?

ஏற்காட்டில் லாட்ஜ் நடத்தும் சித்தப்பா வாசலில் கார் சார்ஜர் வைக்கப் போகிறார். "வைக்கறதே வைக்கறோம், பெருசாவே வச்சிடலாம்டா" என்பது அவர் கட்சி. 60 கிலோவாட் டிசி வேக சார்ஜரைத்தான் சொல்கிறார். நான் சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர் பக்கம். விலை கிடக்கட்டும், பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்?

ஏசி சார்ஜருக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. லைனில் வரும் ஏசி கரண்டை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சார்ஜரே செய்துகொள்ளும். சுவரில் இருப்பது ரிலே, சின்ன போர்டு, கசிவு வந்தால் டிரிப் ஆகும் ஆர்சிசிபி. டெர்மினல் லூஸாகிக் கருகினால் உள்ளூர் எலக்ட்ரீஷியனே சரிசெய்வார்.

வேக சார்ஜரில் டிசியாக மாற்றும் அந்த வேலை முழுக்கப் பெட்டிக்குள் நடக்கிறது. கரண்டை மாற்றும் மாட்யூல்கள், பேன்கள், பில்டர், காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்ச், திரை, சிம் கார்டு. பில்டரில் தூசி அடைத்தால் சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 30 கிலோவாட் மாட்யூல் இரண்டில் ஒன்று போனால் வேகம் பாதி. ஒவ்வொரு முறையும் சார்ஜ் தொடங்குமுன் மின்காப்பைச் சோதிக்கும். பனிமூட்டத்தில், காரில் செருகும் கன்னுக்குள் ஈரம் கோத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். சிக்னல் போனால் கரண்ட் இருந்தும் ஆப் வழியாகத் தொடங்க முடியாமல் போகலாம். கம்பெனி ஆள் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும்.

(எல்லாமே பழுதும் அல்ல. நெடுஞ்சாலையில் ஒரு சார்ஜரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். யாரோ சிவப்பு அவசர பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். திருகி விட்டதும் உயிர் வந்தது.)

எர்த்திங் இரண்டுக்கும் தலைவலிதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. மண் ஆழமில்லாத இடத்தில் நல்ல எர்த் கிடைப்பது கடினம். எர்த் சரியில்லையென்றால் பல சார்ஜர்கள் தொடங்கவே மறுக்கும். இடிமின்னலுக்கு சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும். அதன் பச்சை ஜன்னல் சிவப்பானால் மாற்றிவிட வேண்டும்.

ராத்தங்கும் விருந்தாளிக்கு வேகம் எதற்கு? 7 கிலோவாட் வாங்கும் கார் என்றால் 40 யூனிட் பேட்டரி ஆறு மணி நேரத்தில் நிரம்பும். நிரம்பவே தேவையில்லை. நூறு சதவீதத்தோடு மலையிறங்கினால், பிரேக்கில் திரும்பக் கிடைக்கும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. வேக சார்ஜர் ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் இருக்கட்டும். அங்கே டீ குடிக்கும் நேரம்தான் கணக்கு.

சித்தப்பா இப்போது இரண்டு ஏசி சார்ஜர் கேட்கிறார், ஒன்று டிரிப் ஆனாலும் இன்னொன்று ஓடுமாம். சரி, ஆனால் முதலில் எர்த் குழிக்கு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.