மின்படிவில் திடநிலைச் சாயச் சூரியக்கலம்: பல ஆண்டுப் பழக்கத்தில் கண்டது

திடநிலைச் சாயச் சூரியக்கலத்தில் சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை ஓர் ஆக்சைடுப் படலத்துக்குக் கொடுக்கும்; மறுபக்கம் மின்னைக் கடத்துவது திரவமல்ல, திடப்பொருள். சிங்கப்பூரில் இதைச் செய்பவர்களுக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். அந்தத் திடப்பொருளாக வழக்கமாகப் பயன்படும் ஸ்பைரோ-ஓமீடாட் என்ற கரிமச் சேர்மத்தைப் பூசும்போது சேர்க்கும் லித்தியம் உப்பு ஈரத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். மின்படிவில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்திப் பொருளைப் படிய வைக்கும் முறையில், பெரும்பகுதி வேலை கரைசலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்காகவே இதற்கு மாறினேன். திரும்பிப் போக மனமில்லை.

ஆக்சைடுப் படலமாக நான் படிய வைக்கும் துத்தநாக ஆக்சைடுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துத்தநாக குளோரைடு கரைசலில் ஆக்சிஜனைச் செலுத்தி, 70 டிகிரியில் வைத்து, கலோமெல் மின்முனையோடு (மின்னழுத்தத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு மின்முனை) ஒப்பிட்டு சுமார் −1 வோல்ட் கொடுத்தால் போதும். ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கி ஒடுக்கமடைவதால் உண்டாகும் ஹைட்ராக்சைடு, துத்தநாகத்தை ஆக்சைடாக மின்கடத்தும் கண்ணாடியில் படிய வைக்கும். இயோசின் ஒய் என்ற சாயத்தைக் கலந்தால் சாயமும் கூடவே படியும். நீர்த்த காரத்தில் அந்தச் சாயத்தைக் கழுவி எடுத்தால் நுண்துளைகள் நிறைந்த படலம் மிஞ்சும். வேறு சாயத்தை அதில் ஏற்றலாம். ஜப்பானின் கிஃபு பல்கலைக்கழகத்தில் யோஷிதா, மினௌரா குழுவினர் வளர்த்தெடுத்த வழி இது. வழக்கமாக ஆக்சைடுப் படலத்துக்குப் பயன்படும் டைட்டானியம் டையாக்சைடுப் பசையைச் சுட 450, 500 டிகிரி வேண்டும். இங்கே அந்த உலையே தேவையில்லை என்பதால் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்யலாம். ருத்தேனியச் சாயங்களில் மட்டும் கவனம் தேவை. அவற்றின் அமிலத்தன்மை படலத்தைக் கரைத்துவிடும். இண்டோலின் வகைச் சாயமான டி149 இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

அடுத்தது காப்பர் தயோசயனேட். படலத்தின் நுண்துளைகளுக்குள், துளைமின்னை (எலக்ட்ரான் விட்டுச்சென்ற இடத்தின் நேர்மின்னை) கடத்தும் இதைப் போன்ற பொருளை நிரப்புவதில்தான் திடநிலைக் கலத்தின் தலையெழுத்தே இருக்கிறது. கரைசலை ஊற்றி உலர்த்தினால், கரைப்பான் ஆவியாகும்போது உள்ளே வெற்றிடம் விழும். மின்படிவில் பொருள் துளைக்குள்ளேயே வளர்கிறது. ஓ'ரீகனும் கிரெட்சலும் இணைந்த குழு, துத்தநாக ஆக்சைடு, காப்பர் தயோசயனேட் இரண்டையுமே மின்படிவாக்கி 2000-இல் வெளியிட்டது. ஆனால் மின்னோட்டத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் துளையின் வாய் முதலில் அடைபட்டு, அடிப்பாகம் காலியாக நின்றுவிடும். அயனிகள் உள்ளே போய்ச் சேர நேரம் கொடுங்கள். அடியில் சாயமில்லாத, அடர்த்தியான துத்தநாக ஆக்சைடு அடுக்கு ஒன்றையும் முதலில் படிய வையுங்கள். அது இல்லாவிட்டால் தயோசயனேட், மின்கடத்தும் கண்ணாடியைத் தொட்டு மின்கசிவு உண்டாகும்.

காப்பர் தயோசயனேட்டுக்குப் பதிலாக, துளைமின்னைக் கடத்தும் பெடாட் பாலிமரை ஒளியின் துணையோடு வளர்ப்பதும் உண்டு. சாயமே ஒளியை வாங்கி, எலக்ட்ரானை ஆக்சைடுக்குக் கொடுத்துவிட்டு, அருகிலுள்ள பிஸ்-ஈடாட்டை (பெடாட்டின் அடிப்படை மூலக்கூறான ஈடாட் இரண்டு இணைந்தது) ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அதனால் பாலிமர் சாயத்தை ஒட்டியே முளைக்கிறது, எவ்வளவு அழகான வேதியியல்! வெறும் ஈடாட்டை எடுக்காதீர்கள்; அதை ஆக்சிஜனேற்ற வழக்கமான சாயத்தின் ஆற்றல் போதாது.

வாங்க வேண்டிய பெரிய கருவி, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் ஒன்றுதான். அதோடு வெப்பநிலையைச் சீராகப் பிடிக்கும் நீர்த்தொட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். குளிரூட்டிய அறையில் மூடாத முகவை சட்டென்று சூடு இறங்கும். படலத்தின் தடிமன் தகட்டுக்குத் தகடு மாறும்.