வருடக் கடைசிக் கணக்கு: ஒரே ஒரு ஷீட், பல வருட அனுபவம்

மார்கழி பிறந்தால் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றுவிடும். மொய் செலவு இல்லை, பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு. வீட்டு வருடக் கணக்கை உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நாங்கள் 2018-இலிருந்து கூகுள் ஷீட்ஸில் ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். நடுவில் சில செலவுக் கணக்கு ஆப்களையும் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டேன். ஷீட் மட்டும் இன்னும் ஓடுகிறது.

ஆப்களை ஏன் எடுத்தேன்? பாங்க் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகவே செலவைப் பிரிக்கும் வகை அவை. டெபிட் கார்டு தேய்த்த காலத்தில் ஓரளவு சரியாகவே வேலை செய்தன. காய்கறி வண்டி, பூக்காரம்மா, ஆட்டோ என்று எல்லோரும் க்யூஆர் அட்டை வைத்த பிறகு, கடைப் பெயருக்குப் பதில் ஆள் பெயர்தான் வருகிறது. யாரோ ஒரு செல்விக்குப் போன 180 ரூபாய் கீரைக்கா, தையல் கூலிக்கா என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? கிரெடிட் கார்டில் மளிகை வாங்கினால் ஒரு செலவு, அப்புறம் அந்த கார்டு பில்லைக் கட்டினால் இன்னொரு செலவு என்று இரண்டு முறை எழுதிக்கொள்ளும். சின்னத் தொகைகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துக் கொடுக்கும் யுபிஐ லைட் வந்ததும் விஷயம் முடிந்தது. அதில் பணம் ஏற்றியதுதான் பாஸ்புக்கில் தெரியும், எதற்குக் கொடுத்தோம் என்பது தெரியாது. எனக்கு அதுவே வசதி. டீ, கீரை, பார்க்கிங் எல்லாம் ‘சில்லறை’ என்று ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. வருடக் கடைசியில் டீயை எண்ணி யாரும் எதையும் மாற்றப்போவதில்லை.

எங்கள் மாதங்களைக் குலைத்தவை, வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரும் செலவுகள். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி, வண்டி இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ், எல்ஐசி பிரீமியம், தீபாவளி, ஊரில் மாரியம்மன் நோம்பி. இவை எதிர்பாராத செலவுகளே இல்லை, தேதிகூடத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றும் வரும்போது திடீரென்று வந்த மாதிரிதான் இருக்கும். டிசம்பரில் பாங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, இந்த வகைச் செலவுகளை மட்டும் பொறுக்கிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த மறுநாள் தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டும் கிடையாது, யுபிஐ-யும் இணைக்கவில்லை. ஷீட்டால் கிடைத்த ஒரே ஒரு பலனைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஜூன் மாதத்தில் நகையை அடகு வைக்கும் பேச்சு எங்கள் வீட்டில் இப்போது எழுவதில்லை.

மொய்யை எங்கே எழுதுவது என்பதில்தான் ரொம்ப நாள் இழுபறி. கொடுத்தது திரும்பி வரும் என்பதால் அதைக் கடன் கொடுத்த கணக்கில் வைக்கலாம் என்பது என் கட்சி. ஆடி, ஆவணியில் மொய் விருந்தே வைத்து வசூலிக்கும் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்களுக்கு வசூலிக்க அடுத்த விசேஷம் எப்போது வருமோ தெரியாது. அதனால் செலவிலேயே எழுதுகிறோம். யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் வழக்கம்போல மொய் நோட்டில் இருக்கிறது.

ஷீட்டின் அடுத்த பகுதி, இருப்பும் கடனும். டிசம்பர் 31 அன்று எங்கே எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பத்தி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும், வரவு வைப்பது மார்ச் 31-இல்தான். அதனால் டிசம்பரில் ஒன்பது மாத வட்டி கண்ணில் படாது. சம்பளத்தில் பிடிக்கும் பிஎஃப்-இன் வட்டியும் நிதியாண்டு முடிந்து, அறிவிப்பு வந்த பிறகுதான் ஏறும். நான் எதையும் ஊகித்துச் சேர்ப்பதில்லை. பாஸ்புக்கில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். எல்லா வருடமும் அதே தேதியில் பார்ப்பதால் ஒப்பிடுவதற்கு அது போதும்.

தங்கத்தை அன்றைய விலைக்குப் போட்டு ஒரு வருடம் எழுதினேன். மொத்தத் தொகை பூரித்துப் போய் நின்றது. மனைவி பார்த்துவிட்டு, “இதையெதுக்குங்க கூட்டறீங்க? விக்கறதுக்கா வெச்சிருக்கோம்?” என்றார். நியாயம்தான். அதிலிருந்து நகை வரியில் கிராம் மட்டும்தான், ரூபாய் கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போடுவதில்லை, அதன் மேல் உள்ள கடனை மட்டும் எழுதுகிறோம். பார்க்கும்போது கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் அந்த எண்ணை நம்பலாம்.

வரி விஷயத்தில் இப்போது வேலை குறைந்துவிட்டது. 2025-26-லிருந்து புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனையும் சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. வரியைக் குறைக்கும் 80சி கழிவுக்காக ஜனவரியில் கையில் கிடைத்த பாலிசியில் கையெழுத்துப் போடும் அவசரம் எனக்குப் போயிற்று. ஹெல்த் இன்சூரன்ஸில் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18% ஜிஎஸ்டி நீங்கியதும் நல்லதுதான். ஆனால் வயது அடுத்த பிரிவுக்கு ஏறினால் பிரீமியமும் ஏறும். அதனால் ஷீட்டில் ஹெல்த் இன்சூரன்ஸ் வரிசையில் போன வருடத் தொகையையே இன்னும் வைத்திருக்கிறேன். வருமான வரித் தளத்தில் இருக்கும் ஏஐஎஸ் அறிக்கையையும் (நம் பெயரில் பதிவான வட்டி, வரவு விவரம்) டிசம்பரிலேயே ஒரு தடவை இறக்கிப் பார்ப்பேன். மறந்துபோன பழைய கணக்கு ஒன்றின் வட்டி அதில் தலைகாட்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று சாயங்காலம் முழுக்கப் போய்விடும். அதைவிடப் பெரியது, ஷீட்டை நான் ஒருவனே தெரிந்து வைத்திருந்தது. இப்போது ‘நாமினி’ என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு கணக்குக்கும் யார் பெயர் என்று எழுதி, அச்செடுத்து பீரோவில் எல்ஐசி பத்திரங்களோடு வைத்திருக்கிறோம். 2025 நவம்பர் 1 முதல் பாங்க் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். திருமணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் இன்னும் அப்பா, அம்மா பெயர்தான் இருக்கும், அதைத்தான் முதலில் பாருங்கள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இந்தப் பன்னிரண்டால் வகுக்கும் கணக்கு ஒத்துவராது. லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சானுக்கும் இதே ஷீட்டைக் கொடுத்தேன். ஆர்டர் இல்லாத மாதங்களில் ஒதுக்கப் பணம் இருக்காது, இருக்கிற மாதத்தில் அந்தத் தொகை ரொம்பச் சின்னதாகிவிடும். அவர் இப்போது பில் தொகை கைக்கு வரும்போதெல்லாம் அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்குத் தள்ளுகிறார். வருடக் கூட்டலை மட்டும் என் ஷீட்டில் செய்துகொள்கிறார், அதுவும் சித்திரை ஒன்றாம் தேதி புதுக்கணக்கு போடும்போது.